வெளியுறவு அமைச்சர் யாருடைய ஆள்? போரிஸ் தாரசியுக்கின் இரு பதவிநீக்கங்கள்

2006 டிசம்பரில் கீவ் நகரின் ஹ்ருஷெவ்ஸ்கி வீதியில் உள்ள அமைச்சரவைக் கட்டடத்துக்கு உக்ரைனின் வெளியுறவு அமைச்சர் போரிஸ் தாரசியுக் வந்தார். அமைச்சரவைக் கூட்டம் நடக்கவிருந்தது. அவரை உள்ளே விடவில்லை. நீங்கள் இப்போது அமைச்சர் இல்லை என்பது பிரதமர் தரப்பின் வாதம். இன்னும் அமைச்சர்தான் என்று குடியரசுத் தலைவர் ஆணையே பிறப்பித்திருந்தார். அதே வீதியில் சற்றுத் தள்ளி நாடாளுமன்றம் இருக்கிறது. உக்ரைனியர்கள் அதை வெர்கோவ்னா ராடா என்கிறார்கள். டிசம்பர் 1ஆம் தேதி 247 உறுப்பினர்கள் வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து நீக்கியது அந்த அவைதான்.

ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சர் பதவியில் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் 2 மாதம் கழிந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் யாரிடம் பேசுவது என்று குழம்பினார்கள். இதைக் கீவ் அரசியலின் வழக்கமான கூச்சல்களில் ஒன்றாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தனிமனிதர் ஒருவரின் பிடிவாதம் என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டும் போதாது என்பது என் கருத்து. நாடு எந்தத் திசையில் செல்வது என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்விக்கு உக்ரைனின் அரசியலமைப்பு தெளிவான விடை வைத்திருக்கவில்லை. அந்தக் குறையின் பாரம் முழுவதும் ஒரு நாற்காலியின்மேல் இறங்கியது. அப்போது அதில் உட்கார்ந்திருந்தவர் தாரசியுக்.

அவர் 1949 ஜனவரி 1ஆம் தேதி, சித்தோமிர் பகுதியில் இன்று ரோமானிவ் எனப்படும் சிற்றூரில் பிறந்தார். கீவ் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவும் பன்னாட்டுச் சட்டமும் படித்து 1975இல் உக்ரைன் சோவியத் குடியரசின் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த ஒரு குடியரசுக்குத் தனி வெளியுறவு அமைச்சகமா என்று வாசகருக்குத் தோன்றலாம். 1944இல் ஸ்டாலின் அரசு குடியரசுகளுக்கு அந்த அமைப்பை அனுமதித்தது. 1945இல் ஐக்கிய நாடுகள் அவை உருவானபோது உக்ரைனும் பெலாரஸும் தனி உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்டன. மாஸ்கோவின் கைகளில் கூடுதலாக இரண்டு வாக்குகள் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது. ஆனாலும் அதன் துணை விளைவாக, நியூயார்க்கில் உட்கார்ந்து பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளின் நெளிவு சுளிவுகளைக் கற்ற சிறு கூட்டம் ஒன்று கீவில் உருவாகிவிட்டது. 1980களில் ஐ.நா.வுக்கான உக்ரைன் தூதுக்குழுவில் பணியாற்றிய தாரசியுக் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். பின்னர் உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அலுவலகத்திலும் வேலை பார்த்தார். 1991இல் நாடு விடுதலை பெற்றபோது தூதரகம் நடத்தத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 1992இல் துணை வெளியுறவு அமைச்சரானதில் வியப்பில்லை.

அந்தப் பதவியில் அவருக்கு வந்து சேர்ந்த வேலை, புதிய நாடு எதிர்கொண்ட வேலைகளிலேயே கடினமானது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176 நின்றன. நெடுந்தொலைவு அணுகுண்டுத் தலைகள் ஏறத்தாழ 1,900 இருந்தன. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய கையிருப்பு அது. ஏவும் கட்டளைக் குறியீடுகள் மாஸ்கோவிடம். நிலமும் காவலும் உக்ரைனிடம். இவற்றை ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒரே குரலில் நெருக்கின. கீவ் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்டது. கொடுத்துவிட்ட பிறகு எங்கள் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? குண்டுத் தலைகளுக்குள் இருக்கும் செறிவூட்டிய யுரேனியத்துக்கு விலை என்ன?

1993 செப்டம்பரில் கிரைமியாவின் மசாந்திராவில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் எல்ட்சினும் உக்ரைன் குடியரசுத் தலைவர் கிராவ்சுக்கும் கண்ட உடன்பாடு சில நாட்களிலேயே குலைந்துபோனது. அதன்பிறகுதான் அமெரிக்காவையும் சேர்த்து முத்தரப்புப் பேச்சு தீவிரமானது. உக்ரைன் தரப்பில் துணைப் பிரதமர் வலேரி ஷ்மாரோவும் தாரசியுக்கும் முன்னின்றார்கள். 1994 ஜனவரி 14ஆம் தேதி மாஸ்கோவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளின்டன், எல்ட்சின், கிராவ்சுக் மூவரும் கையெழுத்திட்ட அறிக்கையின் இணைப்பைப் படித்தால், எத்தனை நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கப்பட்டது என்பது புரியும். பத்து மாதங்களுக்குள் உக்ரைன் குறைந்தது 200 குண்டுத் தலைகளை அனுப்ப வேண்டும். அதே பத்து மாதங்களுக்குள் ரஷ்யா 100 டன் குறைந்த செறிவுள்ள யுரேனியம் அடங்கிய எரிபொருளை உக்ரைனின் அணுமின் நிலையங்களுக்குக் கொடுக்க வேண்டும். விலைக் கேள்விக்கு அப்படி விடை கிடைத்தது. பாதுகாப்புக் கேள்விக்கு அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி புடாபெஸ்டில் ஒரு வாக்குறுதித் தாள் கிடைத்தது. 1996 ஜூனுக்குள் கடைசிக் குண்டுத் தலையும் எல்லை தாண்டியது. அந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதை 2014இல் கிரைமியாவும் 2022இல் முழு நாடும் கண்டுகொண்டன.

தாரசியுக்கை மேற்கின் ஆள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை. மாஸ்கோவோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, அந்த நாட்டுக்கு மிகவும் வேண்டிய ஒன்றைப் பற்றிப் பேரம் பேசி முடித்த அனுபவம் அவருக்கு இருந்தது. வாக்குறுதிகள் எழுதப்படும்போது அருகில் இருந்தவர் அவர். வெறும் வாக்குறுதி போதாது, உறுதியான கூட்டமைப்பு ஒன்றின் உள்ளே இருக்க வேண்டும் என்ற அவருடைய பிற்காலப் பிடிவாதம் இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது என்றே நான் கருதுகிறேன். 1995 முதல் 1998 வரை பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் நாடுகளுக்கான தூதராக பிரஸ்ஸல்ஸில் இருந்தார். நேட்டோவுடனான உறவும் அவர் பொறுப்பில் இருந்தது. 1997 ஜூலையில் மாட்ரிட்டில் உக்ரைனும் நேட்டோவும் தனிக் கூட்டுறவு ஆவணத்தில் கையெழுத்திட்டன.

1998 ஏப்ரல் 17இல் குடியரசுத் தலைவர் லியோனித் குச்மா அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். முன்னவரான ஹென்னாதி உதோவென்கோ அப்போது ஐ.நா. பொதுச்சபையின் தலைவர். குச்மாவின் வெளியுறவுக் கொள்கை பல திசைகளிலும் ஒரே நேரத்தில் நட்பு பாராட்டுவது. மேற்குக்கு ஒரு முகம், மாஸ்கோவுக்கு ஒரு முகம். தாரசியுக்கை அமர்த்தியது மேற்குக்குக் காட்டிய முகம். இரண்டு மாதத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியத்துடன் இணையும் நோக்கத்தைக் குடியரசுத் தலைவரின் ஆணை அதிகாரபூர்வமாக அறிவித்தது. 1999 மார்ச்சில் நேட்டோ யூகோஸ்லாவியாவின்மேல் குண்டு வீசத் தொடங்கியபோது, பாதுகாப்பு அமைச்சர் ஒலெக்சாந்தர் குஸ்முக்குடன் தாரசியுக் பெல்கிரேடுக்குச் சென்று சமரசம் பேசிப் பார்த்தார். பலன் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்லோவாக்கியாவை வென்று உக்ரைன் ஐ.நா. பாதுகாப்பு அவையில் இரண்டாண்டு இடம் பெற்றது. 2000 மார்ச் 1ஆம் தேதி நேட்டோ நாடுகளின் அவை கீவில் கூடியது. உறுப்பினர் அல்லாத ஒரு நாட்டின் தலைநகரில் அப்படி ஒரு கூட்டம் அதுவரை நடந்ததில்லை.

அதே மாதம் 26ஆம் தேதி விளாதிமிர் புதின் ரஷ்யாவின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏப்ரலில் கீவுக்கும் வந்து போனார். உக்ரைன் எரிவாயுவுக்கு ரஷ்யாவிடம் பெருங்கடன் பட்டிருந்தது. செப்டம்பரில் பத்திரிகையாளர் ஹியோர்ஹி கோங்காட்ஸே காணாமல் போனார். குச்மாவை நெடுங்காலம் விடாத வழக்கு அங்கே தொடங்கியது. செப்டம்பர் 29இல் தாரசியுக் நீக்கப்பட்டார். முதல் வெளியுறவு அமைச்சராக இருந்த அனுபவசாலி அனத்தோலி ஸ்லென்கோ அந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். கொள்கை மாறாது என்று அரசு சொன்னது. மாஸ்கோவுக்குக் காட்ட வேண்டிய முகத்துக்கு இடம் விடத்தான் இந்த நீக்கம் என்று கீவிலும் மேற்குத் தலைநகரங்களிலும் பலர் புரிந்துகொண்டார்கள். பிறகு நடந்தவை அந்தப் புரிதலைப் பொய்யாக்கவில்லை.

இந்த முதல் நீக்கத்தில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1996 ஜூன் 28இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின்படி அமைச்சர்களை அமர்த்துவதும் நீக்குவதும் குடியரசுத் தலைவரின் கையில். ஒரு கையெழுத்து போதும். நியாயமா என்று கேட்கலாம். யாருக்கு அதிகாரம் என்று யாரும் கேட்கவில்லை.

பதவி போன பிறகு தாரசியுக் மூலையில் ஒதுங்கவில்லை. 2001இல் ஐரோப்பிய அட்லாண்டிக் ஒத்துழைப்புக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2002இல் விக்தோர் யுஷ்செங்கோவின் ‘நம் உக்ரைன்’ அணியில் நாடாளுமன்றம் சென்று ஐரோப்பிய ஒருங்கிணைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 2003இல் ரூக் கட்சியின் தலைவரானார். அங்கும் அவருக்கு முன்னவர் உதோவென்கோதான். விடுதலை இயக்கமாக 1989இல் பிறந்து வியாசெஸ்லாவ் சோர்னோவிலின் தலைமையில் வளர்ந்த கட்சி அது. தூதுவராக வாழ்ந்தவர் கட்சித் தலைவரான இந்த மாற்றம் பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பியது.

2004 இலையுதிர்காலத்தில் ஆரஞ்சுப் புரட்சி. தேர்தல் மோசடிக்கு எதிராக மைதான் சதுக்கத்தில் மக்கள் வாரக்கணக்கில் பனியில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தின் வலிமையால் மறுவாக்கெடுப்பு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கொடுத்த விலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டிசம்பர் 8ஆம் தேதி ராடா ஒரே பொதியாகப் பல சட்டங்களை 402 வாக்குகளில் நிறைவேற்றியது. தேர்தல் முறைகேடுகளைத் தடுக்கும் திருத்தம் ஒரு கையில். குடியரசுத் தலைவரின் அதிகாரங்களை நாடாளுமன்றத்துக்கு மாற்றும் அரசியலமைப்புத் திருத்தம் மறு கையில். ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க வழியில்லை. குச்மா அவைக்குள்ளேயே கையெழுத்துப் போட்டார். யுஷ்செங்கோ வெல்லப் போகிறார் என்று தெரிந்தவர்கள், அவர் வென்றாலும் முழு அதிகாரத்தோடு ஆளக்கூடாது என்று செய்த ஏற்பாடு. 2006 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கதையின் முடிச்சு அந்தத் திருத்தத்தில், 85ஆம் பிரிவின் 12ஆம் உட்பிரிவில் இருக்கிறது. அதன் சாரம் இது. பிரதமர், பாதுகாப்பு அமைச்சர், வெளியுறவு அமைச்சர் மூவரையும் குடியரசுத் தலைவரின் முன்மொழிவின் பேரில் ராடா அமர்த்தும். மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் முன்மொழிவின் பேரில் அமர்த்தும்.  அதன்பின், மேற்கூறியவர்களைப் பதவியிலிருந்து நீக்குவதும் ராடாவின் அதிகாரம். அமர்த்துவதற்கு யாருடைய முன்மொழிவு வேண்டும் என்று சொன்னவர்கள், நீக்குவதற்கு முன்மொழிவு வேண்டுமா என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம் 106ஆம் பிரிவு, பன்னாட்டு உறவுகளில் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவதும் வெளியுறவை வழிநடத்துவதும் குடியரசுத் தலைவரின் பணி என்கிறது. 116ஆம் பிரிவோ உள்நாட்டு, வெளிநாட்டுக் கொள்கைகளை நடைமுறைப்படுத்துவது அமைச்சரவையின் பணி என்கிறது. வெளியுறவை நடத்துபவர் ஒருவர், நடைமுறைப்படுத்துபவர் இன்னொருவர், இருவருக்கும் நடுவில் ஒரே அமைச்சர். குடியரசுத் தலைவரும் பிரதமரும் ஒரே அணியில் இருக்கும்வரை இந்தக் குறை கண்ணில் படாது.

யுஷ்செங்கோ குடியரசுத் தலைவரானதும், 2005 பிப்ரவரி 4இல் தாரசியுக் மீண்டும் வெளியுறவு அமைச்சரானார். அந்த மாதமே ஐரோப்பிய ஒன்றியத்துடன் செயல்திட்டம் கையெழுத்தானது. ஏப்ரலில் வில்னியஸில் நேட்டோவுடன் தீவிர உரையாடல் தொடங்கியது. அடுத்த படி உறுப்பினர் ஆவதற்கான செயல்திட்டம். 2006 இறுதியில் ரிகாவில் நடக்கவிருந்த உச்சிமாநாட்டை நோக்கிக் கீவ் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் 2006 மார்ச் 26 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. 450 இடங்களில் விக்தோர் யானுகோவிச்சின் பிராந்தியங்கள் கட்சிக்கு 186 கிடைத்தன. சோஷலிஸ்ட்களின் 33, கம்யூனிஸ்ட்களின் 21 சேர்ந்து 240. ஆரஞ்சு அணிகள் தமக்குள் சண்டையிட்டு ஆட்சி அமைக்கத் தவறின. இரண்டாண்டுகளுக்கு முன் மைதான் யாரை விரட்டியதோ அவரே ஆகஸ்ட் 4இல் பிரதமரானார். குடியரசுத் தலைவரின் பங்காக அமைச்சரவையில் எஞ்சியவர்கள் பாதுகாப்பு அமைச்சர் அனத்தோலி ஹ்ரித்சென்கோவும் தாரசியுக்கும்.

செப்டம்பர் 14ஆம் தேதி யானுகோவிச் பிரஸ்ஸல்ஸில் நேட்டோ தலைமையகத்துக்குப் போய், செயல்திட்டத்தில் உக்ரைன் சற்றுப் பொறுத்திருக்கும், மக்களின் ஆதரவு போதவில்லை என்று அறிவித்தார். ஆதரவு குறைவு என்பது பொய்யல்ல. அக்காலத்தில் நேட்டோவை விரும்பியவர்கள் சிறுபான்மையினரே. ஆனால் வெளியுறவின் திசையை அறிவிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின்படி அவருடையதா? பிரதமர் எல்லை மீறிவிட்டார் என்று யுஷ்செங்கோவின் தரப்பு வெளிப்படையாகச் சொன்னது. தாரசியுக்கும் வாயடைத்து உட்காரவில்லை. ஒரே அரசிலிருந்து ஒரே பிரஸ்ஸல்ஸுக்கு இரண்டு செய்திகள் போயின. அக்டோபரில் ‘நம் உக்ரைன்’ அணி எதிர்க்கட்சியாகும் முடிவை எடுத்தது. ரிகா உச்சிமாநாடு உக்ரைனுக்குப் புதிதாக எதுவும் தராமல் நவம்பர் 29இல் முடிந்தது. மறுநாளுக்கு மறுநாள் ராடா வாக்கெடுப்பு நடத்தியது. தாரசியுக்கோடு உள்துறை அமைச்சர் யூரி லுத்சென்கோவும் அன்று பதவி இழந்தார்.

லுத்சென்கோ விஷயத்தில் தகராறு நீடிக்கவில்லை. அவர் பிரதமரின் பங்கில் வரும் பதவியில் இருந்தவர். தாரசியுக்கோ நகர மறுத்தார். நான் முன்மொழிந்தவரை என் முன்மொழிவு இல்லாமல் நீக்க முடியாது என்றார் யுஷ்செங்கோ; பதவியில் தொடரும்படி ஆணையிட்டார். கீவில் மாவட்ட நீதிமன்றம் ஒன்று ராடாவின் தீர்மானத்தை நிறுத்திவைத்தது. அமைச்சரவை அதைப் பொருட்படுத்தவில்லை. கூட்டத்துக்கு வந்தவரைத் தடுத்ததோடு நிற்காமல், அமைச்சகத்துக்கு வரவேண்டிய பணத்தையும் முடக்கினார்கள் என்று தாரசியுக் குற்றம் சாட்டினார். ஒரு வெளியுறவு அமைச்சகத்தின் பணத்தை நிறுத்தினால் முதலில் அடிபடுவது எங்கோ தொலைநாட்டில் வாடகைக் கட்டடத்தில் இயங்கும் தூதரகமும் அதன் ஊழியர்களும். அரசியலமைப்பு விவாதம் நீதிமன்றத்தில் தீரவேண்டியது. அது வாசல் காவலரிடமும் கணக்குப் பிரிவிடமும் போய்ச் சேர்ந்தது. இதை எந்தத் தரப்பின் வாதத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஜனவரியில் ராடா இன்னொரு வழியையும் திறந்துகொண்டது. அமைச்சரவை பற்றிய புதிய சட்டத்தைக் குடியரசுத் தலைவர் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். 2007 ஜனவரி 12இல் 366 வாக்குகளில் ராடா அந்த மறுப்பை முறியடித்தது. யூலியா திமோஷெங்கோவின் அணி அன்று யானுகோவிச்சோடு சேர்ந்து வாக்களித்தது. மைதானின் மேடையில் யுஷ்செங்கோவின் பக்கத்தில் நின்றவர் அவர் என்பதை நினைக்க வேண்டும். வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களைக் குடியரசுத் தலைவர் 15 நாட்களுக்குள் முன்மொழியாவிட்டால் நாடாளுமன்றக் கூட்டணியே பெயரைக் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். அரசியலமைப்பு ஒருவருக்குத் தந்த உரிமையைச் சாதாரணச் சட்டம் ஒன்று வேறொருவருக்கு மாற்றித் தந்தது. ஜனவரி 30இல் தாரசியுக் பதவி விலகினார். யுஷ்செங்கோ ஏற்றுக்கொண்டார்.

யார் பக்கம் நியாயம்? சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் ராடாவின் வாதத்தில் வலு உண்டு. நீக்கும் அதிகாரத்துக்கு அந்த உட்பிரிவு எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சரவையில், நாடாளுமன்றத்தால் தொட முடியாத ஓர் அமைச்சர் இருப்பது பொருந்தாது. இதைவிட வலுவான வாதம் ஒன்றும் யானுகோவிச் தரப்புக்கு இருந்தது. தாரசியுக் ஒரு கட்சியின் தலைவர். அந்தக் கட்சி அங்கம் வகித்த அணி எதிர்க்கட்சி வரிசைக்குப் போய்விட்டது. எதிரணித் தலைவர் ஒருவரை அமைச்சரவை மேசையில் வைத்துக்கொண்டு எந்தப் பிரதமரால் ஆள முடியும்? கட்சித் தலைமையை அவர் அப்போதே துறந்திருந்தால், நாட்டின் கொள்கைக்காக நிற்கும் தூதுவர் என்ற தகுதியோடு போராடியிருக்கலாம். அந்தக் கணக்கில் அவர் தவறிவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் எழுத்தை மட்டும் பார்ப்பது அரைப் பார்வை. முன்மொழியும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு ஏன் கொடுத்தார்கள்? வெளியுறவை வழிநடத்தும் பொறுப்பு அவருடையது என்பதால். அவர் அமர்த்தும் ஆளை மறுநாளே நாடாளுமன்றம் காரணம் சொல்லாமல் நீக்கலாம் என்றால், முன்மொழியும் உரிமை பெயருக்கு மட்டுமே. அமர்த்தும் உரிமைக்கும் நீக்கும் உரிமைக்கும் நடுவில் பாலம் போடாமல் விட்டது 2004 டிசம்பரின் அவசரம். ஒருவரையொருவர் கட்டிப்போடும் நோக்கத்தோடு எழுதிய விதி, ஆட்சி நடத்த உதவவில்லை. முதல் குற்றவாளி அந்தப் பொதி. அதை எழுதியவர்களிலும் வாக்களித்தவர்களிலும் ஆரஞ்சு அணியினரும் இருந்தார்கள்.

தாரசியுக் போனதும் யுஷ்செங்கோ முன்மொழிந்தவர் தொழில்முறைத் தூதுவரான வொலோதிமிர் ஒஹ்ரிஸ்கோ. பிப்ரவரி, மார்ச் என்று இரண்டு முறையும் ராடா அவரை நிராகரித்தது. 2007 மார்ச் 21இல் 32 வயது அர்செனி யாட்சென்யுக்கின் பெயரைக் கொடுத்ததும் 426 பேர் வாக்களித்தார்கள். அடுத்த மாதமே யுஷ்செங்கோ ராடாவைக் கலைத்தார். செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு திமோஷெங்கோ பிரதமரானபோது ஒஹ்ரிஸ்கோவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 2009 பிப்ரவரியில் ரஷ்யத் தூதர் விக்தோர் செர்னோமிர்தின் நாளிதழ் ஒன்றில் உக்ரைன் தலைவர்களைப் பற்றி மரியாதையில்லாமல் பேசியபோது, அவரை அமைச்சகத்துக்கு அழைத்துக் கண்டித்தது ஒஹ்ரிஸ்கோதான். சில வாரங்களில், மார்ச் 3ஆம் தேதி, 250 வாக்குகளில் ராடா அவரை நீக்கியது. தாரசியுக்கின் வழக்கில் தீராமல் விட்ட கேள்வி இங்கே முன்னுதாரணமாகவே நின்றது. குடியரசுத் தலைவரின் ஆணை, நீதிமன்றத் தடை என்று யாரும் இழுத்தடிக்கவில்லை. அக்டோபர் 9இல் பெட்ரோ பொரோஷென்கோ 240 வாக்குகளில் அமைச்சராகும்வரை, 7 மாதம் பொறுப்பு அமைச்சரை வைத்தே உக்ரைன் வெளியுறவு நடத்தியது. அந்த நாடு நேட்டோவின் வாசலில் நின்று புக்கரெஸ்ட் உச்சிமாநாட்டில் பாதி வாக்குறுதியோடு திரும்பியிருந்த காலம் அது. ஒஹ்ரிஸ்கோ நீக்கப்பட்டபோது, ஜார்ஜியாவில் ரஷ்யப் படை புகுந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

2010 செப்டம்பர் 30இல் அரசியலமைப்பு நீதிமன்றம் 2004 திருத்தத்தைச் செல்லாது என்று அறிவித்தது. குடியரசுத் தலைவராகியிருந்த யானுகோவிச்சுக்குப் பழைய முழு அதிகாரமும் திரும்பக் கிடைத்தது. 2006இல் வெளியுறவு அமைச்சரை நாடாளுமன்றத்தின் ஆளாக்கப் போராடியவரே இப்போது அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டார். 2014 பிப்ரவரியில் அவர் ரஷ்யாவுக்குத் தப்பியோடியபோது ராடா அந்தத் திருத்தத்தை மறுபடி உயிர்ப்பித்தது. அந்த உட்பிரிவும் அதன் ஊமைத்தனமும் அப்படியே திரும்பி வந்தன.

அந்தக் குறை மறுதிசையிலும் வேலை செய்தது. 2019 மே மாதம் பதவியேற்ற வொலோதிமிர் ஸெலென்ஸ்கி, முந்தைய ஆட்சியின் வெளியுறவு அமைச்சர் பாவ்லோ கிளிம்கினை நீக்கும்படி ராடாவைக் கேட்டார். கெர்ச் நீரிணையில் ரஷ்யா பிடித்துவைத்திருந்த 24 உக்ரைன் கடற்படையினர் தொடர்பான ரஷ்யாவின் குறிப்புக்குத் தன்னிடம் கேட்காமலே அமைச்சகம் பதில் அனுப்பிவிட்டது என்று ஜூலையில் அவர் வெளிப்படையாகக் கோபப்பட்டார். பழைய ராடாவில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. நீக்கத் தீர்மானம் தோற்றது. 2006இல் குடியரசுத் தலைவர் வைத்துக்கொள்ள விரும்பிய அமைச்சரை ராடா வெளியேற்றியது. 2019இல் அவர் வெளியேற்ற விரும்பிய அமைச்சரை ராடா விடவில்லை. இரண்டு முறையும் நாட்டின் வெளியுறவை வழிநடத்த வேண்டியவருக்கு அதற்கான ஆள் கையில் இல்லை. ஆகஸ்ட் 29இல் புதிய ராடா கூடி வாடிம் பிரிஸ்தாய்கோவை அமைச்சராக்கியபோதுதான் முட்டுக்கட்டை விலகியது.

2020 மார்ச் 4இல் வந்த திமித்ரோ குலேபாவின் காலம் போர்க்காலம். ஆயுதம் கேட்டு உலகத் தலைநகரங்களுக்கு அலைந்த அவருடைய முகம் உக்ரைனுக்கு வெளியே ஸெலென்ஸ்கிக்கு அடுத்தபடி அறியப்பட்ட முகம். 2024 செப்டம்பர் 4இல் அவர் தானே விலகல் கடிதம் கொடுத்தார். மறுநாள் ராடா 240 வாக்குகளில் ஏற்று, அன்றே ஆந்திரி சிபிஹாவை 258 வாக்குகளில் அமர்த்தியது. விலகல் கடிதம் கைக்கு வந்துவிட்டால் நீக்கும் அதிகாரம் யாருக்கு என்று கேட்கவே வேண்டியதில்லை. குடியரசுத் தலைவரின் கட்சிக்கே அவையில் பெரும்பான்மை இருக்கும்வரை இந்த முறை சிக்கலின்றி ஓடும்.

தாரசியுக் 2012 வரை ரூக்கை வழிநடத்தினார். பிறகு ஐரோப்பிய மன்றத்தில் உக்ரைனின் நிரந்தரப் பிரதிநிதியாக ஸ்திராஸ்பூர்க் சென்றார். 2022 மார்ச் 16இல் அந்த மன்றம் ரஷ்யாவை வெளியேற்றியபோது உக்ரைன் தரப்பில் அங்கே இருந்தவர் அவர். எந்தக் கொள்கைக்காக இருமுறை நாற்காலி இழந்தாரோ, அது 2019 பிப்ரவரி 7இல் 334 வாக்குகளோடு அரசியலமைப்புக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது: ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் முழு உறுப்பினராவதே நாட்டின் பாதை. அந்த இலக்கை எழுத அரசியலமைப்பைத் திறந்தவர்கள், வண்டியை ஓட்டுபவர் யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்ற இடத்தைச் சரிசெய்யாமலே மூடினார்கள். அது பெரிய தவறு என்பது என் முடிவு. போர் முடிந்து மறுபடி ஒரு தேர்தல் வரும். குடியரசுத் தலைவர் ஓர் அணி, ராடாவின் பெரும்பான்மை இன்னோர் அணி என்ற நிலை மறுபடி வரும். அமைதி உடன்பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் வெளியுறவு அமைச்சரின் கையெழுத்தும் குரலும் தேவைப்படும் நேரத்தில் அது வந்தால், 2006 டிசம்பரைவிட மோசமாக இருக்கும். போர்ச்சட்டம் நடைமுறையில் இருக்கும்போது அரசியலமைப்பைத் திருத்தக் கூடாது என்று உக்ரைன் அரசியலமைப்பின் 157ஆம் பிரிவு தடை விதிக்கிறது. எனவே போர் ஓய்ந்ததும் திருத்தவேண்டிய பிரிவுகளின் வரிசையில் 85இன் 12ஆம் உட்பிரிவு முதலிடம் பெறவேண்டும்.